கொள்கை அளவில் ஒரு கல்யாணம்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு உண்டு. ஆனால் அதை உடனடியாக வழங்க இயலாத சூழ்நிலை நிலவுகிறது. வாசகர்கள் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு முதலில் மூன்றாம் மாடிக்கு வரவும். லிப்ட் ஓடாது.

மூன்றாம் மாடியில் மனுப் பிரிவு. ஊரார் கொடுக்கும் மனுக்களுக்குப் பதில் சொல்வது டைப்பிஸ்ட் அக்காவின் வேலை. பக்கத்து அறைக் கண்காணிப்பாளர் அவளுடைய காதலர். எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்பதால் ஆபீஸே அவரை ஆகட்டும் சார் என்றுதான் கூப்பிடும். காதலைச் சொன்னதுகூட அவள்தான். அவர் "ஆகட்டும்" என்றார். அதோடு சரி, வருஷங்கள்தான் ஆயின.

அன்றைக்கு அக்காவுக்குத் தலைபோகிற அவசரம். வெளியூருக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. சாயங்காலத்துக்குள் சரி என்று சொல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். கல்யாணம் நடக்குமென்றால் அவள் போகமாட்டாள். ஆகவே ஆகட்டும் சாரை மாடிப்படியில் மடக்கினாள்.

"என்னைக் கட்டிக்கப் போறீங்களா, இல்லையா? ஒரே வார்த்தை!"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"கொள்கை அளவுல ஒப்புதல் கொடுத்துட்டேனேம்மா."

"நிஜமாவா!"

"பின்னே? தேதி, மண்டபம், மாப்பிள்ளை யாருங்கறது, இதெல்லாம் நடைமுறை விவரம். உரிய நேரத்துல முடிவாகும்."

அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்குப் போன் போட்டாள். எடுத்தது தங்கை.

"அடியே, அவர் ஒத்துக்கிட்டாருடி! கொள்கை அளவுல!"

தங்கை தொண்டையைக் கனைத்து அப்படியே ஆகட்டும் சாராக மாறினாள். "மிக்க மகிழ்ச்சி. கொள்கை அளவில் ரெண்டு பிள்ளை பெற்றுக்கொள்வோம். மூத்தவனைக் கொள்கை அளவில் பள்ளிக்கூடத்தில் சேர்ப்போம்."

"போடி, பொறாமை பிடிச்சவளே!"

பதவி உயர்வு வேண்டாம் என்று சொல்லிவிட மேலாளர் அறைக்குப் பறந்தாள். வாசலில் ஒரு பெரியவர் வழிமறித்தார்.

"அம்மா, எங்க தெருத் தண்ணிக்குழாய் என்னாச்சு?"

"கொள்கை அளவுல ஒப்புதல் ஆயிடுச்சு ஐயா!"

பெரியவர் முகமெல்லாம் பல்லாக, இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினார்.

புதிதாகச் சேர்ந்த கிளார்க் பெண் எட்டிப் பார்த்தாள். "நிஜமாவே குழாய் வருதாக்கா?"

"நீ வேற! வரவே வராதுன்னா அப்படித்தான் சொல்லணும். இல்லைன்னு சொன்னா சண்டைக்கு நிப்பாங்க. இப்படிச் சொன்னா சந்தோஷமா வீட்டுக்குப் போயி காத்துக்கிட்டே கிடப்பாங்க." அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பாரேன், எல்லாத்தையும் நம்பிட்டு, மாடிப்படியில என்னமா குதிச்சுக்கிட்டு..."

சிரிப்பு பாதியில் நின்றது.

கீழே தெருவில் பெரியவரின் குரல்: "ஆயிடுச்சு! நமக்கு ஆயிடுச்சு!"

"அக்கா? என்னக்கா ஆச்சு?"

"ஐயய்யோ," என்றாள் டைப்பிஸ்ட் அக்கா.