ஈறு நலச் சான்றிதழ்

அலுவலர்களின் ஈறு உறுதியாக இருந்தால்தான் நிர்வாகம் உறுதியாக இருக்கும் என்று மேலிடம் ஒரு நாள் கண்டுபிடித்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல் மருத்துவரிடம் பல்லைச் சுத்தம் செய்துகொண்டு 'ஈறு நலச் சான்றிதழ்' சமர்ப்பிக்காதவர் பெயர் பதவி உயர்வுப் பட்டியலில் இடம்பெறாது எனச் சுற்றறிக்கை வந்தது.

மனுப் பிரிவு எழுத்தர் சுற்றறிக்கையை மூன்று முறை படித்தார். பதினொரு வருஷமாக அந்தப் பட்டியலுக்குக் காத்திருப்பவர். காலையில் பல் தேய்த்துத் துப்பினால் வாஷ்பேசின் சிவந்துவிடும்.

"பல்லையா பிடுங்கப் போறாங்க? போய்ட்டு வாங்க!" என்று மனைவி விரட்டினாள்.

மருத்துவரம்மா அரைமணி நேரம் சுரண்டினார். "ஈறுக்கடியில பற்காரை சுவர் மாதிரி நிக்குது. பிரஷ்ஷுக்கெல்லாம் இது மசியாது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கட்டாயம் வந்துடுங்க."

எழுத்தர் சான்றிதழை வாங்கிக்கொண்டு வழியெல்லாம் சிரித்தபடியே அலுவலகம் வந்தார். அவர் சிரித்து அங்கே யாரும் பார்த்ததில்லை. வாசல் காவலாளி அடையாள அட்டை கேட்டார்.

கண்காணிப்பாளர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பத்தரை மணின்னு போட்டிருக்கு. இப்ப பதினொன்றேகால். நடுவுல வாய்க்குள்ள என்ன நடந்துச்சு?"

"ஒரு டீ மட்டும் குடிச்சேங்க ஐயா."

"இது டீ குடிக்காத வாய்க்குக் கொடுத்த சான்றிதழ். அந்த வாய் எங்கே?"

எழுத்தர் கைகூப்பிக் கெஞ்சினார். கடைசியில் கண்காணிப்பாளரே மனமிரங்கினார். எழுத்தரை நன்றாகக் கொப்பளிக்க வைத்து, வாயின் மேல் பழுப்புக் காகிதத்தை ஒட்டி, அலுவலக முத்திரையும் குத்தினார். "நாலு மணிக்கு இயக்குநர் வந்து பார்க்கிற வரைக்கும் திறக்கக்கூடாது."

எழுத்தர் ஒட்டிய வாயோடு கவுன்டரில் உட்கார்ந்தார். 'நாளைக்கு வாங்க' என்று சொல்ல வாயில்லை. 'அந்த ஜன்னல்ல கேளுங்க' என்று தள்ளிவிடவும் வழியில்லை. வேறு என்ன செய்வார்? மனுவை வாங்கி, படித்து, வேலையை முடித்துக் கொடுத்தார். முதல் ஆள் நம்பாமல் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்று மணிக்கு வரிசையே இல்லை. எழுத்தருக்கு ஒரே குஷி, காகிதத்துக்குள்ளேயே சிரித்தார்.

நாலு மணிக்கு வந்த இயக்குநருக்கு வெறிச்சோடிய கூடத்தைப் பார்த்து வியர்த்துவிட்டது.

"ஜனங்க எங்கேய்யா?"

"வேலை முடிஞ்சு போய்ட்டாங்க," என்றார் கண்காணிப்பாளர்.

"இப்படி எல்லாத்தையும் முடிச்சுட்டா நாளைக்கு நாம எதுக்கு?"

அவரே தம் கையால் எழுத்தரின் காகிதத்தைப் பிய்த்தெடுத்தார். ஈறுகளைப் பார்க்க மறந்துபோனார். அன்று மாலையே திருத்திய சுற்றறிக்கை வெளியாயிற்று: 'மனுதாரர்களின் ஈறு நலனைக் கருத்தில்கொண்டு, அவர்கள் வாயை மட்டும் ஒட்டினால் போதுமானது.' ஒட்டும் பிரிவின் தலைவராக எழுத்தருக்குப் பதவி உயர்வும் கிடைத்தது.

மறுநாள் பொதுமக்கள் வரிசையாக வந்து ஒட்டிக்கொண்டார்கள். 'நாளைக்கு வாங்க' மறுபடி தாராளமாக ஒலித்தது. அந்த மாதம் வந்த புகார் ஒன்றே ஒன்றுதான். இருநூறு பேர் கையெழுத்திட்டிருந்தார்கள்.

பழுப்புக் காகிதம் எடுப்பாக இல்லையாம். நீலத்தில் கிடைக்குமா என்று கேட்டிருந்தார்கள்.