பால்கனிக்காரர்

அன்று மாலை என் இரண்டு கைகளும் ஒரு பிடரியில் இருந்தன. பயப்படாதீர்கள், நெரிக்கவில்லை, தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் தலை நரைத்தவள் நான். எந்தக் கழுத்து எதனால் பிடித்துக்கொண்டது என்று விரலை வைத்தால் சொல்லிவிடுவேன். இது தூக்கத்தில் பிடித்ததும் அல்ல, சுமை தூக்கிப் பிடித்ததும் அல்ல. உல்லாசக் கப்பலில் பால்கனி வைத்த அறை எடுத்துவிட்டு, காட்சியெல்லாம் மறுபக்கமாகப் போய்க்கொண்டிருக்க, கம்பிமேல் கவிழ்ந்து எட்டி எட்டிப் பார்த்ததால் வந்த பிடிப்பு. கழுத்துக்குச் சொந்தக்காரர் என் தங்கையின் கணவர். இனத்தால் பால்கனிக்காரர்.

அந்த இனம் உங்களுக்குத் தெரியும். கப்பல் ஏறியதும் லிஃப்டில் நிற்கும் முன்பின் தெரியாதவரிடம் “உங்க ரூம்ல பால்கனி இருக்கா?” என்று கேட்பவர், இல்லை என்றால் துக்கம் விசாரிக்க வந்ததுபோல் முகத்தை வைத்துக்கொள்பவர், இருக்கிறது என்றால் “எங்களது பெரிசு” என்பவர், காபியைப் பால்கனியில் குடித்து, சவரத்தைப் பால்கனியில் செய்து, காற்றில் தொப்பியைக் கடலுக்குத் தாரை வார்த்து, தூறலில் காலுறை சொட்டச் சொட்ட, பல் தந்தியடிக்க, “என்ன சுகம்!” என்பவர். சுகமா? மூக்கு நுனி நீலம் பாரித்திருந்தது.

என் அறைக்கு ஜன்னல்கூடக் கிடையாது. விளக்கை அணைத்தால் உச்சிவேளையும் நடுநிசிதான். தூங்க அது போதும். பார்க்க மேல்தளம் இருக்கிறது. நாலு பக்கமும் திறந்த வெளி, எல்லோருக்கும் பொது. ஆனால் பால்கனிக்காரருக்கு அங்கே ஏறுவது, சொந்த வீட்டை வைத்துக்கொண்டு சத்திரத்தில் படுப்பதற்குச் சமம்.

அவர் எங்கே வேண்டுமானாலும் உறையட்டும். கஷ்டம் என் தங்கைக்கு. அவள் இந்தப் பயணத்துக்கு ஒத்துக்கொண்டதே ஒரு காட்சிக்காக. மலையிலிருந்து கடல்வரை இறங்கி நிற்கும் பனிச்சுவர் இடிமுழக்கத்தோடு உடைந்து விழுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். மறுநாள் காலை கப்பல் அதைத் தாண்டும். ஒரே தடவை. அவரை விட்டுத் தனியாக மேலே போகவும் அவளுக்கு மனம் வராது. அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் கேப்டன் சொன்னார்: தண்ணீரில் பனிக்கட்டிகள் மிதப்பதால் கப்பல் அங்கே திரும்பாது, சுவர் இடப்பக்கம் மட்டுமே தெரியும்.

அவர்கள் பால்கனி வலப்பக்கம்.

“நாளைக்கு மேல போயிடலாங்க,” என்றாள் தங்கை.

“எதுக்கு? சும்மா சொல்றாங்க. பால்கனி எடுத்தவங்களை அப்படியே விட்டுடுவாங்களா? கண்டிப்பா திருப்புவாங்க.”

“கப்பல் என்ன உங்க ஸ்கூட்டரா?”

“மேல போய்க் கூட்டத்துல நிக்கணும்னா, அப்புறம் இந்த ரூம் எதுக்கு?”

“அதைத்தான் ஏறின நாள்லேர்ந்து நானும் கேக்கறேன்!”

அவள் காலைக்கென்று எடுத்து வைத்திருந்த குளிர்கோட்டை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

மருந்து குடிக்க மாட்டேன் என்பவரிடம் நோயைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அவருடைய பிடிவாதத்தின் கையைப் பிடித்தே கூட்டிப்போக வேண்டும்.

“மாப்பிள்ளை, உங்களை நினைச்சாத்தான் எனக்குப் பாவமா இருக்கு.”

“ஏன்க்கா?”

“மேல்தளத்துக்கும் சேர்த்துத்தானே காசு கட்டியிருக்கீங்க? ஜன்னலே இல்லாத என்னை மாதிரி ஆளுங்க முன்வரிசையில நாற்காலி போட்டுக்கறோம். உங்க பங்கையும் நாங்களே பாத்து முடிச்சிடறோம்.”

விரலுக்கடியில் பிடரி துடித்தது. “என் பங்கையா?”

“பின்னே? நல்ல நாற்காலியெல்லாம் விடியறதுக்குள்ள போயிடும்.”

பால்கனி அறை வேண்டுமா என்று என்னைக் கேட்டால், நடக்க முடியாதவரோடு போகிறீர்களா, யோசிக்காமல் எடுங்கள். படுக்கையிலிருந்தே கடல் தெரிவது வரம். காலும் கழுத்தும் நன்றாக இருக்கிறதா, எந்தப் பக்கம் என்றாவது கேட்டுவிட்டு எடுங்கள். என்ன, சிரிக்கிறீர்கள்? படம் அறுவை என்று தெரிந்தும் டிக்கெட்டுக்காகக் கடைசிவரை உட்கார்ந்திருந்தது யார்? கடிக்கிற செருப்பை, வாங்கிய பாவத்துக்காக நொண்டி நொண்டித் தேய்த்துத் தீர்த்தது யார்? எதற்கும் உங்கள் பிடரியைத் தடவிப் பாருங்கள். லேசாக இறுகியிருக்கவில்லை?

மறுநாள் காலை நானும் தங்கையும் மேலே ஏறியபோது, இடப்பக்க முன்வரிசையில் மூன்று நாற்காலிகளில் துண்டு விரித்து, கழுத்தில் கம்பளி சுற்றி, அவர் காவல் நின்றுகொண்டிருந்தார். பனிச்சுவர் சரிந்தது. கடலே எழுந்து நின்றது. தங்கை என் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்த குதியில் எனக்கே கழுத்து பிடித்திருக்கும். அவர் அதைப் பார்க்கவில்லை. உடம்போடு திரும்பி, பின்னால் நின்றவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: “உங்களுக்குப் பால்கனி ரூமா? அய்யோ, பாவம்!”

பிறகு நான் கீழே போய், அவருடைய ஈரக் காலுறைகளைப் பால்கனிக் கம்பியில் உலர்த்தினேன். நல்ல காற்று. கொடுத்த காசு வீண் போகவில்லை.