அரை அங்குலக் குறைச்சல்

"மூச்சை நல்லா இழுத்துப் பிடிச்சுக்குங்க," என்றாள் மனைவி.

"இழுத்தாச்சு."

"இன்னும் கொஞ்சம்."

"இதுக்கு மேல இழுத்தா மேல்மாடிக்காரங்களுக்குக் காத்து பத்தாது. நம்பரைச் சொல்லு!"

"முப்பத்திரண்டரை."

பிடித்து வைத்திருந்த மூச்சு மொத்தமும் புஸ்ஸென்று போய்விட்டது. வேண்டியது முப்பத்து மூன்று அங்குலம். அரை அங்குலம் குறைகிறது.

அவரைத் தீயணைப்பு நிலையத்தில் எல்லோரும் போன்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்பது வருஷமாக அங்கே அவருக்கு போன் எடுக்கிற வேலை. எங்கே தீ என்று கேட்பார், எழுதுவார், மணியை அடிப்பார். மற்றவர்கள் சிவப்பு வண்டியில் தாவி ஏறிப் போவார்கள். இவர் நாற்காலியைச் சரி செய்துகொண்டு அடுத்த போனுக்குக் காத்திருப்பார். அலுவலகத்தில் இருப்பவர்களும் வண்டியில் போகும் பிரிவுக்கு மாறிக்கொள்ளலாம் என்று இந்த வருஷம்தான் அறிவிப்பு வந்தது. வயது முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். போன்காரருக்கு இன்னும் மூன்று மாதத்தில் முப்பத்தைந்து முடிகிறது. இந்தத் தடவை விட்டால் ஆயுசு முழுக்க நாற்காலிதான்.

ஓட்டத்தில் தேறிவிட்டார். ஏணி தூக்குவதிலும் தேறிவிட்டார். மார்பளவு மட்டும் பாக்கி. அதற்கு ஆறு வாரம் இருந்தது.

"டேப்பு சரிதானா?" என்று கேட்டார்.

"கீழ் வீட்டுத் தையல்காரம்மாவோட டேப்பு. முப்பது வருஷமா தைக்கறாங்க. சரியில்லன்னா நீங்களே போய் அவங்ககிட்ட சொல்லிட்டு வாங்க."

எரிகிற வீட்டுக்குள் நுழையத் துடிக்கும் மனிதருக்கும் தையல்காரம்மாவிடம் அதைப் போய்ச் சொல்லத் தைரியம் வரவில்லை. டேப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மனைவியே கீழே போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. உடம்பு தேற்றும் பவுடர், மாத்திரை எல்லாம் விற்கிற பெரிய கடையில் வேலை. நாளெல்லாம் பவுடரின் பெருமையைப் பேசிவிட்டு, பசி வந்ததும் நேரே அக்கா வீட்டுக்கு வந்து தட்டைப் போட்டு உட்கார்ந்துவிடுவான்.

"அரை இஞ்ச்தானே மாமா? இதுக்குப் போயி மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு! ஆறு வாரம் எனக்கு ரொம்ப அதிகம். நாளைக்கே ஒரு டப்பா கொண்டாறேன்."

கொண்டுவந்தான். டப்பா என்று சொன்னது தன்னடக்கம். துணி ஊறவைக்கிற வாளி அளவு இருந்தது. சாக்லேட் சுவை என்று வெளியே எழுதியிருந்தார்கள். அந்தச் செய்தி உள்ளே இருந்த பவுடருக்குப் போய்ச் சேரவில்லை.

"சாக்பீஸைக் கரைச்சுக் குடிக்கிற மாதிரி இருக்குடா."

"உடம்புக்கு நல்லது எதுவும் நாக்குக்கு நல்லா இருக்காது மாமா."

"அப்ப நான் சமைக்கிறது உடம்புக்குக் கெடுதலா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. மச்சான் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட ஆரம்பித்தான்.

காலையில் இரண்டு கரண்டி, மாலையில் இரண்டு கரண்டி. ஐந்தாம் நாளே போன்காரரின் வயிறு பேச ஆரம்பித்துவிட்டது. அது பேசினால் பரவாயில்லை. ஆனால் அவர் வேலையே போனில் பேசுகிற வேலை.

"ஹலோ, தீயணைப்பு நிலையமா? எங்க வீட்டு அடுப்படியில தீப்பிடிச்சிருச்சுங்க!"

"பதறாதீங்கம்மா. முகவரியைச் சொல்லு... ஏவ்வ்வ்!"

"என்னது?"

"ஒண்ணுமில்லம்மா, முகவ... ஏவ்வ்!"

"ஏன் சார், இங்க நான் எரிஞ்சுக்கிட்டிருக்கேன், உங்களுக்கு இப்பத்தான் விருந்து முடிஞ்சுதா?"

அங்கே எரிந்தது ஒரு வாணலி மட்டும்தான். ஆனால் போனில் பேசுவதெல்லாம் பதிவாகும். நிலைய அதிகாரி அந்தப் பதிவை மூன்று தடவை போட்டுக் கேட்டார். முதல் தடவை கோபம், அடுத்த இரண்டு தடவை சிரிப்பு. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு ஏப்பம் பதிவாச்சுன்னா விளக்கம் எழுதிக் குடுக்கணும்," என்றார்.

இவ்வளவு அவமானத்தையும் அவர் தாங்கிக்கொண்டது அந்த அரை அங்குலத்துக்காக. இரண்டு வாரம் முடிந்தது. மனைவி கீழே போய் டேப்பு வாங்கி வந்தாள்.

"முப்பத்திரண்டு."

"என்னது! அப்ப முப்பத்திரண்டரை. இப்ப முப்பத்திரண்டா? எப்படிக் குறையும்?"

"என்னைக் கேட்டா? உங்க மச்சானைக் கேளுங்க. அந்தப் பவுடரு இருக்கிறதையும் அரிச்சுத் தின்னிருக்கு."

மச்சான் நெற்றியைச் சொறிந்தான். "அக்கா சாப்பாட்டுல சத்து பத்தலியோ என்னவோ..."

வாக்கியத்தை முடிக்க அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. மனைவி இடுப்பில் கை வைத்தாள்.

"டேய், என் சாப்பாட்டைத் தின்னு வளர்ந்தவன்டா நீ! இனிமே டப்பாவில அடைச்ச எதுவும் இந்த வீட்டு வாசப்படி ஏறக்கூடாது. முட்டை இருக்கு, பால் இருக்கு, பருப்பு இருக்கு, மீன் இருக்கு. மனுஷன் இதைத் தின்னுதான் வளர்ந்தான். நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டாள். காலையில் நான்கு முட்டை. மதியத்துக்குப் பருப்பும் மீனும் நிறைந்த மூன்றடுக்கு டிபன் கேரியர். மாலையில் ஊறவைத்த வேர்க்கடலை, ஒரு சொம்புப் பால். "போதும்மா" என்றால், "எலும்புக்கூடு மாதிரி இருந்துக்கிட்டுப் போதுமாம்!" என்று இன்னொரு கரண்டி விழும். மார்பளவு விஷயத்தில் அவள் என்ன நினைத்தாளோ, சாப்பாட்டு விஷயத்தில் அவளுக்குக் கை சுருங்கியதே கிடையாது.

போன்காரர் நல்ல மனிதர். யார் மனதையும் நோகடிக்க மாட்டார். அதனால் வீட்டில் மனைவி போடுவதையும் சாப்பிட்டார், அலுவலக அலமாரியில் மச்சான் ஒளித்துவைத்த பவுடரையும் குடித்தார். ஏப்பம் வந்தால் போனின் வாயைக் கையால் பொத்திக்கொள்ளப் பழகிவிட்டார்.

ஒருநாள் நிலைய அதிகாரியின் மேஜைக்கு எதிரே நின்று கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். சட்டையின் மூன்றாவது பட்டன் பட்டென்று தெறித்து அதிகாரியின் காப்பிக்குள் விழுந்தது. இருவரும் குனிந்து காப்பிக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"சட்டை சுருங்கிருச்சு சார்," என்றார் போன்காரர்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியும் அதையேதான் சொன்னாள். "புது சோப்புத்தூள் வாங்கினேன். துணியெல்லாம் சுருங்கித் தொலையுது. கழட்டிக் குடுங்க, தையலைப் பிரிச்சு விடறேன்."

"பெல்ட்டும் ஒரு ஓட்டை தள்ளித்தான் போட வேண்டியிருக்கு."

"தோலுதானே? வெயில்ல கிடந்தா சுருங்காதா?"

அடுத்த அளவெடுப்பில் மச்சானும் கூட இருந்தான். கடைத் தராசில் மாமாவை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் அழைத்து வந்திருந்தான். நாலு கிலோ ஏறியிருந்தது. இரண்டு பேர் முகத்திலும் கல்யாணக் களை.

மனைவி டேப்பைச் சுற்றினாள். ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்தாள்.

"முப்பத்தொன்றரை."

போன்காரர் குனிந்து டேப்பைப் பார்த்தார். பிறகு மச்சான், "எடை ஏறுது, மார்பு இறங்குது. அப்ப சாப்பிட்டதெல்லாம் எங்கதான் போகுது?" என்றான். மூன்று பேர் பார்வையும் மெதுவாகக் கீழே இறங்கி வயிற்றில் நின்றது. வயிற்றையும் அளந்தார்கள். அதுவும் பேன்ட் தைக்கக் கொடுத்த பழைய அளவைவிட ஒன்றரை அங்குலம் குறைந்திருந்தது.

போன்காரருக்குப் பயம் வந்துவிட்டது. "டேய், நான் கனமாயிக்கிட்டே சின்னதாயிக்கிட்டு வரேன்டா! இது ஏதாவது வியாதியா?"

மச்சான் அசரவில்லை. வியாபாரத்தில் பழகியவன். "வியாதி இல்ல மாமா. நீங்க இறுகறீங்க. முன்னாடி பஞ்சு மூட்டை, இப்ப செங்கல். எடை ஏறும், அளவு குறையும்."

"செங்கல்லை எந்த ஊர்லடா தீயணைக்கிற வண்டியில ஏத்தறான்?"

"அதுக்குத்தான் மீனெண்ணெய் மாத்திரை கொண்டாந்திருக்கேன். இது உள்ள போனா இறுகினதெல்லாம் விரியும்."

"மீனே இங்க வறுத்து வச்சிருக்கேன், இவன் மீனெண்ணெய்க்கு மாத்திரை தூக்கிட்டு வந்துட்டான்!" என்று மனைவி கத்தினாள். போன்காரர் மீனையும் தின்றார். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் மாத்திரையையும் விழுங்கினார். என்ன செய்வார் பாவம், இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் மேஜையில் உட்கார்ந்து, தேர்விலிருந்து விலகிக்கொள்வதாகக் கடிதம் எழுதினார். மறுநாள் அளவெடுக்கும் நாள். எல்லார் முன்னாலும் சட்டையைக் கழற்றி நின்று, முப்பத்தொன்றரை என்று கேட்டுக்கொண்டு திரும்ப அவருக்கு மனம் இல்லை. மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அவ்வளவு ஆசையா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "போன வருஷம் ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. மாடியில மாட்டிக்கிட்டா, கீழே தீ. வண்டி போற வரைக்கும் பதினோரு நிமிஷம் என்கூடப் பேசிக்கிட்டே இருந்தா. 'வந்துட்டாங்களா அண்ணா, வந்துட்டாங்களா அண்ணா'ன்னு. காப்பாத்திட்டாங்க, இல்லங்கல. ஆனா அந்தப் பதினோரு நிமிஷமும் நான் நாற்காலியில உட்கார்ந்திருந்தேன். அண்ணான்னு கூப்பிடறா, எழுந்து ஓட முடியல. ஒரே ஒரு தடவையாவது அந்த வண்டியில நான் போகணும்."

மனைவியின் கண் கலங்கிவிட்டது. அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "போன்ல நீங்க இல்லன்னா அந்தப் பொண்ணு பயத்துலயே போயிருக்கும். எல்லாரும் வண்டியில ஏறிட்டா போனை யாருங்க எடுக்கறது?"

இப்படிச் சொல்ல ஒருத்தி கிடைத்தாளே என்று போன்காரர் நெகிழ்ந்துபோனார். அன்று மாலை அவள் தட்டில் இரண்டு முட்டை கூடுதலாக வைத்தாள். அவரும் மறுப்பு சொல்லாமல் சாப்பிட்டார்.

மறுநாள் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிலைய அதிகாரியிடம் போனார். அதிகாரிக்குத் தலைக்கு மேல் வேலை. "கடிதமெல்லாம் அப்புறம்யா. அளவு எழுத ஆள் வரல. நீ உட்கார்ந்து எழுது!"

ஆக, போன்காரர் மறுபடியும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அளவெடுக்க வந்த கம்பவுண்டர் மெல்லிய இரும்பு டேப்பை வைத்து ஒவ்வொருவராக அளந்து நம்பரைச் சொல்ல, இவர் பதிவேட்டில் எழுதினார். முப்பத்து மூணேகால், முப்பத்தஞ்சு, முப்பத்து நாலரை. ஒவ்வொரு நம்பரும் அவர் நெஞ்சில்தான் விழுந்தது.

"அடுத்தது யாரு?"

பட்டியலில் பாக்கி இருந்த ஒரே பெயர் அவருடையதுதான்.

"நான்தான் சார். ஆனா வேண்டாம். எனக்கு முப்பத்தொன்றரைதான்."

"யாரு சொன்னா?"

"வீட்ல."

"வீட்ல சொல்றதையெல்லாம் பதிவேட்டுல எழுத முடியாதுய்யா. சட்டையைக் கழட்டு."

கழற்றினார். மூச்சை இழுத்தார். கண்ணையும் மூடிக்கொண்டார். இரும்பு டேப்பு சில்லென்று முதுகைச் சுற்றி வந்தது.

"முப்பத்து நாலு. எழுது."

"சார், தப்பு சார். இன்னொரு தடவை பாருங்க."

"குறைஞ்சவன்தான் இன்னொரு தடவைம்பான். நீ கூடினதுக்கும் கேக்கறியே!" அலுத்துக்கொண்டே மறுபடி அளந்தார். "முப்பத்து நாலுதான். இப்ப மூச்சை விடு. விடுய்யா, முகம் நீலமாகுது!"

போன்காரர் தன் பெயருக்கு எதிரே தானே முப்பத்து நாலு என்று எழுதினார். நாலு கொஞ்சம் கோணலாக விழுந்தது. அதிகாரி எட்டிப் பார்த்து, "தேறிட்டே. அடுத்த மாசத்துல இருந்து வண்டி. என் காப்பியில மட்டும் இனிமே பட்டன் போடாதே," என்றார்.

பெரிய டப்பா ஐஸ்கிரீமோடு போன்காரர் வீட்டுப் படிகளை மூன்று மூன்றாகத் தாவி ஏறினார். மச்சான் ஏற்கெனவே தட்டைப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"முப்பத்து நாலு!" என்று வாசலிலிருந்தே கத்தினார்.

மச்சான் துள்ளி எழுந்தான். "ஒரே வாரத்துல ரெண்டரை இஞ்ச்! என் மாத்திரை மாமா! உங்க போட்டோவைக் கடை வாசல்ல மாட்டப்போறேன்!"

என் முட்டை, என் மீன் என்று மனைவி சண்டைக்கு வருவாள் என்று போன்காரர் எதிர்பார்த்தார். அவளோ பக்கத்தில் கிடந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எழுதியாச்சா?" என்று கேட்டாள்.

"பதிவேட்டுல, என் கையாலயே எழுதினேன்!"

"பேனாவாலயா?"

"பேனாவாலதான். ஏன்?"

அவள் எழுந்து வந்தாள். அவரை இறுக்கிக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழ ஆரம்பித்தாள். போன்காரருக்கும் கண் நிறைந்துவிட்டது.

"பாத்தியாடா, சந்தோஷத்தைத் தாங்க முடியல இவளுக்கு," என்றார் மச்சானிடம். "உன் பவுடரும் இல்ல, மாத்திரையும் இல்ல. எல்லாம் இவ கைச் சோறு. நான் அந்த வண்டியில ஏறணும்னு என்னைவிட அதிகமா ஆசைப்பட்டவ இவ ஒருத்திதான்டா!"

மனைவியின் அழுகை இன்னும் பலமானது.

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. கீழ் வீட்டுத் தையல்காரம்மா, கையில் சுருட்டிய டேப்போடு மேல்மூச்சு வாங்க உள்ளே வந்தாள்.

"இந்தாம்மா, போன தடவை குடுத்ததைவிட இன்னும் இழுபட்ட டேப்பா ஒண்ணு வேணும்னு கேட்டியே, தேடி எடுத்துட்டேன், இது முப்பத்தஞ்சை முப்பதுன்னே காட்டும், போதுமா?"