மேட்டில் நழுவும் கியர்

மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில் கியர் தானாக நழுவியது. பெடல் கல்லாக இறுகியது. வண்டி நின்றது. நின்ற சைக்கிளில் உட்கார்ந்திருக்க மனிதனால் முடியாது என்பதால் கண்ணாடிக்காரர் விழுந்தார்.

விழுந்தவர் முதலில் தடவிப் பார்த்தது காலை அல்ல, சைக்கிளை. அதற்குக் கீறல்கூட இல்லை. அவருக்கு வாயெல்லாம் பல். கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்ததை வீட்டுக்கு வந்த பிறகு மனைவிதான் காட்டினாள்.

வாங்கிய சூடுகூட ஆறவில்லை. பழைய வண்டிதான், ஆனால் நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்தது. கரும்பச்சை நிறம், ஆட்டுக்கொம்பாக வளைந்த ஹேண்டில், முன்னும் பின்னும் பை மாட்டக் கம்பிகள். வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒருவர் விற்றார். கியர் லிவர் இரண்டும் தேய்ந்துவிட்டன, மாற்றாமல் மேட்டில் ஏற்றாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னார். கண்ணாடிக்காரர் பணிவாகத் தலையாட்டிவிட்டு நேராக மேட்டுக்குப் போனார்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிப்பது அவர் வேலை. வருஷக்கணக்காக இருட்டறையில் உட்கார்ந்து, எதிர்ச்சுவரில் இருக்கும் எழுத்துகளைத் தாண்டி தூரமாக எதையும் பார்க்காத மனிதர். ஊரில் ஒரு சைக்கிள் குழு உண்டு. ஆண்டுக்கொரு முறை கடல் வரைக்கும் மூன்று நாள் சவாரி போவார்கள்; ரிப்பேர் சாமான்களோடு ஒரு வேன் பின்னாலேயே போகும். ஒவ்வொரு தடவையும் இவர் போவதாக அறிவிப்பார். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று தடுக்கும். கடையில் அவருக்கு ‘அடுத்தவருஷம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இந்த முறையும் போகாவிட்டால் அந்தப் பெயரோடுதான் ஓய்வு பெற வேண்டும்.

குழுவின் தலைவனை எல்லோரும் கேப்டன் என்பார்கள். அவன் போனில் ஒரே ஒரு நிபந்தனை சொன்னான். கிளம்பும் காலையில் ஒவ்வொரு வண்டியையும் அவனே சோதிப்பான். கியர் சரியில்லை என்றால் ஆள் வீட்டுக்குத் திரும்பலாம்.

காலுக்குக் கட்டுப் போட்ட டாக்டர், சவாரிக்கு முந்தின நாள் கட்டைப் பிரிப்பதாகவும் அதுவரை பெடல் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். கண்ணாடிக்காரர் கவலைப்படவில்லை. ரிப்பேர் செய்யக் கை போதும். ஓட்டிப் பார்க்கத்தான் ஆள் வேண்டும்.

“எனக்கு எதுக்குங்க இந்த வேண்டாத வேலை?” என்றாள் மனைவி. குளிர்பதனக் கிடங்கில் மதிய ஷிஃப்டில் கணக்குப் பார்ப்பவள். காலை நேரம் மட்டும்தான் அவளுக்கென்று இருந்தது. “ஸ்கூல்ல படிக்கறப்ப ஓட்டினது. மறந்தே போச்சு.”

“மேம்பாலம் வரைக்கும் போயிட்டு வா. கியர் எப்படின்னு சொல்லு. அவ்வளவுதான்.”

அவர் காலில் விழாத குறை. கட்டு இல்லாதிருந்தால் விழுந்தே இருப்பார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிப் பார்த்துவிட்டு, சரிப்படாது என்று சுடிதாருக்கு மாறி வந்தாள்.

புது லிவர் வந்த அன்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பாட்டு மேஜைமேல் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, கட்டுப்போட்ட காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு பூட்டினார். தள்ளினால் டக், டக் என்று அப்படியொரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்கவே நாலு பேரை வீட்டுக்கு அழைக்கலாம் போலிருந்தது. மனைவி ஓட்டிப் போனாள். தள்ளிக்கொண்டு வந்தாள்.

பின்சக்கரத்தில் ஏழு பல்சக்கரம். புது லிவருக்கு எட்டு டக். எட்டாவது டக்கில் செயின் போக இடமில்லாமல் சக்கரக் கம்பிகளுக்குள் பாய்ந்திருந்தது.

எட்டுப் பல்சக்கரம் உள்ள அடுக்கை வாங்கி மாட்டினார். புதுப் பல்லைப் பழைய செயின் மதிக்கவில்லை. அழுத்தி மிதித்தால் எகிறியது. செயினை மாற்றினார். அந்த வேகத்தில் கியர் கேபிளையும் மாற்றி, அழகாக இருக்கட்டும் என்று ஒட்ட நறுக்கினார். ஹேண்டில் வலது பக்கம் திரும்ப மறுத்தது. அன்று மனைவி இடது பக்கமாகவே திரும்பித் திரும்பி ஊரைச் சுற்றி வந்து சேர்ந்தாள்.

“அடுத்த தடவை நேராப் போற ரோடா பாத்துக் குடி போலாங்க,” என்றாள்.

கேபிளை நீளமாக்கினார். அவள் போய்விட்டு வந்தாள். முகம் சிவந்து, வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

இங்கேதான் அவருடைய தொழில் குறுக்கே வந்தது. கண் சோதிப்பவருக்கு அடுத்தவர் கண்ணுக்குள் புகுந்து பார்க்க வழியில்லை. ஒரு வில்லையை வைத்து, எடுத்து, இன்னொன்றை வைத்து, இது தெளிவா அது தெளிவா என்று கேட்க வேண்டும். எதிரில் இருப்பவர் சொல்வதுதான் வேதவாக்கு. இத்தனை வருஷத்தில் அவர் யார் பதிலையும் சந்தேகப்பட்டதில்லை. சந்தேகப்பட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

“முன்ன நல்லா இருந்துச்சா, இப்ப நல்லா இருக்கா?”

மனைவி ஒரு கணம் யோசித்தாள். சைக்கிளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“முன்னதே தேவலைங்க. மேட்டுல நழுவுது.”

அவர் மறுபடியும் கவிழ்த்துப் போட்டார்.

அதிலிருந்து அதுவே தினப்படி ஆயிற்று. அவர் திருகுவார், அவள் ஓட்டிப் போவாள், மேட்டில் நழுவும். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் இரும்புக் கையை நிமிர்த்தினார். நழுவியது. அதையே மாற்றினார். இன்னும் மோசம் என்றாள். வீட்டில் எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். செயின் கழுவிய டூத்பிரஷ் தவறுதலாகக் குவளைக்கே திரும்பியது. இரண்டு நாள் கழித்துத்தான் பற்பசையில் ஏன் கிரீஸ் வாசம் என்று அவருக்கு உறைத்தது. தலையணை உறை, கதவுக் கைப்பிடி, குளியலறைச் சுவர் எல்லாவற்றிலும் அவருடைய கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்திருந்தது.

அந்த விரல் கடை வரைக்கும் போயிற்று. புதுக்கண்ணாடி வாங்கிய ஒரு டீச்சர், எங்கே பார்த்தாலும் கறுப்பாக ஒரு மேகம் தெரிகிறது என்று பதறிக்கொண்டு திரும்பி வந்தார். கண்ணாடிக்காரர் அவருக்கு இரண்டு முறை கண்ணைச் சோதித்து, பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டும் எழுதிவிட்டார். முதலாளி வந்து கண்ணாடியைக் கழற்றித் துணியால் ஒரு துடை துடைத்தார். மேகம் கலைந்தது.

“அடுத்தவருஷம் சார், கையைக் கழுவிட்டு வேலைக்கு வாங்க,” என்றார் முதலாளி.

அந்த அவமானம்கூட அவரை அசைக்கவில்லை. கடல் கண்முன் நின்றது. மனைவியின் விவரமும் நாளுக்கு நாள் துல்லியமாகிக்கொண்டே வந்தது.

“உக்காந்து மிதிச்சா மூணுலேருந்து நாலுக்கு வெண்ணெயா வருது. எழுந்து நின்னு மிதிச்சாதான் ஏமாத்துது.”

கண்ணாடிக்காரர் பூரித்துப் போனார். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இப்படிப் பதில் சொல்லத் தெரியாது. பாவம், கெட்ட வண்டியை மேட்டில் தள்ளித் தள்ளி அவளுக்குப் பசி இரண்டு மடங்காகிவிட்டது, படுத்தவுடன் தூங்கிவிடுகிறாள் என்று அவருக்கு உள்ளூரக் குற்ற உணர்ச்சி. ஒருநாள், சிரமமாக இருந்தால் விட்டுவிடேன் என்றுகூடச் சொன்னார். ஆரம்பித்ததைப் பாதியில் விடக் கூடாது என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். இப்படியொரு மனைவி யாருக்கு வாய்க்கும் என்று நினைத்துக்கொண்டே அவர் மறுபடியும் ஸ்பேனரை எடுத்தார்.

கட்டைப் பிரித்த அன்று முதல் வேலையாகத் தெருவில் ஓட்டிப் பார்த்தார். டக், டக், டக். கியர் ஒவ்வொன்றும் சொன்ன இடத்தில் போய் உட்கார்ந்தது. அவர் நம்ப முடியாமல் இன்னொரு சுற்று வந்தார்.

“நல்லாத்தானே இருக்கு?”

“தெருவுல நல்லாத்தாங்க இருக்கும்,” என்றாள் மனைவி. “மேட்டுலதான் அதோட புத்தியக் காட்டும்.”

மேம்பாலத்துக்குக் கிளம்பினார். அவள் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டாள். விடிந்தால் சவாரி, இன்றைக்கு விழுந்து வைத்தால் எல்லாமே போச்சு என்றாள். நியாயமாகத்தான் பட்டது. அவர் இறங்கிவிட்டார்.

மறுநாள் மைதானத்தில் இருபது முப்பது சைக்கிள்கள் வரிசையாக நின்றன. காற்றடிக்கும் சத்தமும் சிரிப்புமாக ஒரே கலகலப்பு. கண்ணாடிக்காரர் தன் வண்டியையும் வரிசையில் நிறுத்தினார். பைகளோடு ஆட்டோவில் வந்த மனைவி பின்னால் நின்றாள்.

கேப்டன் வரிசையாகச் சோதித்துக்கொண்டு வந்தான். ஒல்லியான இளைஞன், முட்டியில் பழைய தழும்புகள். பச்சை வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி, பெடலைச் சுற்றி, லிவரைத் தள்ளினான். டக், டக், டக். தலையசைத்துவிட்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்தான்.

அவ்வளவுதான். பேசாமல் இருந்தால் கடல். ஆனால் மேட்டில் நழுவி, பின்னால் வருகிறவன் தன்மேல் வந்து மோதினால்? கண் தெரியாதவருக்குத் தெரிகிறது என்று எழுதிக் கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கண்ணாடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

“தம்பி, ஒரு உண்மையைச் சொல்லிடறேன். இது மேட்டுல நழுவும். என்னென்னவோ பண்ணிப் பாத்துட்டேன், சரியாகல. என்னை வீட்டுக்கு அனுப்பறதுன்னா அனுப்பிடுங்க.”

கேப்டன் திரும்பி வந்தான். வண்டியைப் பார்த்தான். அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். மனைவி சட்டென்று குனிந்து ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்தாள்.

“எந்த மேட்டுல அண்ணே? இதே வண்டியில தினம் காலையில எங்க எல்லாரையும் மேம்பாலத்துல முந்திட்டுப் போறதே அக்காதானே. நீங்க வேன்ல வர்ற மெக்கானிக்குன்னுல்ல சொன்னாங்க?”