சுஹைல் என்று கூப்பிட ஆளில்லை

பினாங்கில் ஒரு குழந்தை பிறக்கப் போகிறது என்றால், மருத்துவச்சிக்குத் தெரிவதற்கு முன்பே அத்தர் மாமாவுக்குத் தெரிந்துவிடும். பெறப்போகிறவளுக்கே சில சமயம் அவர் சொல்லித்தான் தெரியும் என்று எங்கள் சந்தில் பேசிக்கொள்வார்கள். அதை நான் முழுதாக நம்பவில்லை. முக்கால்வாசி நம்புகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் நான் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி. சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாமனாருக்குச் சொந்தமான கடைவீட்டின் மாடியில் குடியிருந்தேன். எதிர்வீட்டு மாடியறையில் அத்தர் மாமா. ஒட்டடைக்குச்சி உடம்பு, முழங்காலைத் தொடும் கோட்டு, தோளில் சின்னச் சின்னக் குப்பிகள் அடுக்கிய மரப்பெட்டி. மல்லிகை, ஊது, கஸ்தூரி எல்லாம் கலந்த ஒரு வாசனை முதலில் சந்துக்குள் நுழையும். கொஞ்ச நேரம் கழித்து அவர் நுழைவார். அவருக்கென்று பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை.

பேர் சூட்டும் விருந்துக்கு அவரை யாரும் அழைக்க வேண்டியதில்லை. வந்தவர்களுக்கு அத்தர் பூச ஆள் வேண்டும், வந்துவிடுவார். உங்கள் கையைப் பிடித்துப் புறங்கையில் ஒரு சொட்டுத் தேய்ப்பார். தேய்த்த பிறகும் கையை விடமாட்டார்.

"பையனுக்கு சுஹைல்னு வைங்க தம்பி. நல்ல பேரு."

"பார்க்கலாம் மாமா."

"பார்க்கிறதுக்கு என்ன இருக்கு? இந்த ஊர்ல யாருக்கும் இல்லாத பேரு."

அது உண்மை. யாருக்கும் இல்லாததுதான் சங்கடம். எங்கள் ஜனங்களில் மூத்த பேரனுக்குத் தாத்தா பேர். அந்தப் பேரன் தாத்தாவானதும் அவன் பேரனுக்கு அதே பேர். இப்படி ஒரு கைப்பிடிப் பேர்களை வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகக் காலம் தள்ளினோம். சந்து முனையில் நின்று "காதர்" என்று ஒரு குரல் கொடுத்தால் பாதிச் சந்து திரும்பிப் பார்க்கும். அதனால் நெட்டைக் காதர், சோத்துக்கடைக் காதர், கோவக்காரக் காதர் என்று அடைமொழி போட்டுச் சமாளித்தோம். புதிதாக ஒரு பேர் வைத்தால் தாத்தா என்ன நினைப்பார் என்ற பயம் எல்லாருக்கும். தாத்தா மௌத்தாகி அடக்கமாகி நாளாகியிருந்தாலும் அந்தப் பயம் போகாது.

அத்தர் மாமா விடவில்லை. சுஹைல் என்பது ஒரு நட்சத்திரம் என்பார். தெற்கே, கடலுக்குக் கொஞ்சம் மேலே, தனியாக நிற்குமாம். அது முகம் காட்டினால் அரபு நாட்டில் வெயில் இறங்கிவிட்டது என்று அர்த்தமாம். கப்பலோட்டிகள் அதைப் பார்த்துத்தான் சுக்கான் பிடிப்பார்களாம். நபிகள் காலத்திலேயே அந்தப் பேரில் ஆட்கள் இருந்தார்களாம். ஏன் தனியாக நிற்கிறது என்று கேட்டுவிட்டால் போச்சு. ஏதோ குடும்பத் தகராறில் அது தெற்கே ஓடிவிட்டது. அதற்கு இரண்டு தங்கச்சிகள். ஒருத்தி ஆகாயத்து ஆற்றைத் தாண்டி அண்ணனைத் தேடிப் போனாள், இன்னொருத்தி தாண்ட முடியாமல் இந்தக் கரையிலேயே அழுது அழுது கண் மங்கிப் போனாள் என்று அரபிகள் சொல்லும் கதையை எடுத்துவிடுவார். அழும் தங்கச்சியை மட்டும் இரண்டு தடவை சொல்வார். விருந்துக்கு வந்தவன் பிரியாணி ஆறுகிறதே என்று தவிப்பான்.

முஸ்லிம்கள் சரிப்படவில்லை என்றதும் வலையை அகலமாக வீசினார். தொங்காங் படகில் மூட்டை ஏற்றும் ஆறுமுகத்துக்குப் பையன் பிறந்திருந்தான். அவனிடம் போய், "சுஹைல்னா வேற யாருமில்ல, உங்க அகத்திய நட்சத்திரம்தான்" என்றார்.

ஆறுமுகம் யோசித்தான். "அப்படியா பாய்? அப்ப அகத்தியன்னே வச்சுடறேன் லா."

வைத்தும்விட்டான். அத்தர் மாமா அதற்கும் போய் அத்தர் பூசிவிட்டு வந்தார். அப்புறம் முனையில் இருந்த சீனக் காப்பிக் கடை முதலாளி டவுக்கேயிடம் ஒரு மாலை முழுதும் பேசிப் பார்த்தார். டவுக்கே பொறுமையாகக் கேட்டு, கடைசியில் தன் பூனைக்கு வேண்டுமானால் வைக்கிறேன் என்றார். மாமா ஒரு வாரம் அங்கே காப்பி குடிக்கவில்லை.

இந்த நிலையில் எனக்குப் பையன் பிறந்தான்.

என்னைப் பெற்ற எங்கத்தா பேர் காதர். மாமனார் பேர் மைதீன். வழக்கப்படி எங்கத்தா பேர்தான் வைக்க வேண்டும். ஆனால் நாங்கள் இருந்தது மாமனார் வீடு. தலைமுடி இறக்கியாகிவிட்டது, ஆட்டுக்கறி வெந்துவிட்டது, பேர் ஓத வந்த லெப்பை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார், இரண்டு பெரியவர்களும் கூடத்தின் இரண்டு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் நடுவில்.

அத்தர் மாமா முதலில் எங்கத்தா கையைப் பிடித்துத் தேய்த்தார். பிறகு மாமனார் கையைப் பிடித்துத் தேய்த்தார். இருவரிடமும் சொன்னது ஒன்றுதான். "உங்க பேரு வைக்கலைன்னா பரவால்ல. அவரு பேரும் இல்லைன்னு ஆயிடுதுல்ல?"

இரண்டு முகமும் ஒன்றுபோல் மலர்ந்தன. லெப்பை குழந்தையின் காதில் சுஹைல் என்று ஓதினார்.

அத்தர் மாமா அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மனுஷருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார். இருப்பதிலேயே விலையுயர்ந்த குப்பியைத் திறந்து குழந்தையின் தொட்டிலில் கவிழ்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்:

"அது என் பேரு. கீழக்கரையில எங்க வாப்பா வச்ச பேரு. கப்பல்ல போனவுக, ஒரு அரபி மாலுமி சொல்லிக்கொடுத்தாராம். பெத்த உம்மா ஒருத்திதான் வாய் நெறயக் கூப்பிடுவா. நான் இங்க இருக்கயில அவ மௌத்தாயிட்டா. பொண்டாட்டி புருஷன் பேரைச் சொல்லக்கூடாது, அவளுக்கு நான் 'இஞ்சாருங்க'. புள்ளை குட்டியும் இல்ல. இங்க எல்லாருக்கும் அத்தரு. ஒரு நாளாச்சும் அந்தப் பேரை யாராச்சும் தெருவுல நின்னு கூப்பிடக் கேக்கணும்னு இருந்தேன்."

திரைக்குப் பின்னால் என் மனைவி ரஹ்மத் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிரவு என்னிடம், "இனிமே நான் எப்படிக் கூப்பிடறது?" என்றாள்.

"ஏன், வாயால்தான்."

"மாமா பேரு லா அது. பெரியவங்க பேரைச் சொல்லி, 'அடேய், மூக்கைத் துடைடா'ன்னு நான் சொல்வேனா? நாலு பேர் கேட்டா மாலு."

மாலு என்றால் எங்கள் ஊரில் வெட்கம். அந்த ஒரு சொல்லுக்கு மேல் பினாங்கில் வாதம் கிடையாது. ரஹ்மத்துக்கு மட்டுமல்ல, எங்கத்தாவுக்கும் மாமனாருக்கும் அக்கம்பக்கத்துக்கும் அதே மரியாதை வந்துவிட்டது. பையன் தவழ்வதற்குள் சந்து முழுக்க அவன் 'குட்டி அத்தர்' ஆகிவிட்டான்.

மாலை மங்கும் நேரத்தில் தாய்மார்கள் வாசலில் வந்து நின்று பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள். அந்த நேரத்துக்கு அத்தர் மாமா தவறாமல் எங்கள் கடை முன் அஞ்சடியில், அதாவது கூரை போட்ட நடைபாதையில், ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவார். ஒவ்வொரு வீட்டுப் பேராக வரும். ரஹ்மத் வருவாள். "குட்டி அத்தர், வாடா" என்பாள். அவர் முக்காலியை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விடுவார். அந்த முதுகைப் பார்க்க எனக்கு மனசு வலிக்கும்.

"வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல தம்பி" என்பார் என்னிடம்.

சும்மா இருக்கிற ஆளில்லையே அவர். ரஹ்மத்துக்குக் கோபம் வந்தால் நிஜப் பேர் வாயில் வரும் என்று கணக்குப் போட்டு, என் பையனைக் கெடுக்க ஆரம்பித்தார். சாக்கடையில் கப்பல் விடச் சொல்லிக்கொடுத்தார். டவுக்கேயின் பூனைக்கு ரோஜா அத்தர் பூசவைத்தார். பூனை வீடு வீடாக ஓடி, மணத்தோடு திட்டும் வாங்கியது. பேர் சொல்லிக் கூப்பிட்டாலொழியத் திரும்பாதே என்றும் பையனுக்குப் பாடம். பையன் திரும்பவில்லை. ரஹ்மத் கூப்பிடவும் இல்லை. படியிறங்கி வந்து காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். போகும்போது, "ஏன் மாமா இப்படிச் செய்றீங்க?" என்று மட்டும் கேட்டாள். அவர் பெட்டியைத் திறந்து மூடினார்.

பள்ளியில் சேர்த்தபோது எனக்கே ஒரு நம்பிக்கை வந்தது. வாத்தியார் தினமும் பேர் படித்தாக வேண்டுமே. மாமாவிடம் சொன்னேன். மறுநாள் காலை வகுப்பு ஜன்னலுக்கு வெளியே போய் நின்றார். வாசனையைக் கண்டே காவலாளி பிடித்துவிட்டான், ஆனாலும் அதற்குள் கேட்டுவிட்டார். திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன மாமா, கேட்டீங்களா?"

"கேட்டேன். அது கூப்பிடறது இல்ல தம்பி. தலை எண்ணுறது."

பிறகு அவருக்குக் கண் மங்கியது. மல்லிகை கேட்டவர்களுக்கு ஊதுக் குப்பியை நீட்டத் தொடங்கினார். ஊரிலிருந்து அவர் மனைவியின் தம்பி வந்தார், அழைத்துக்கொண்டு போக. நாகப்பட்டினம் கப்பலில் இடம் போட்டாயிற்று. இனி திரும்ப மாட்டார் என்று எங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அன்றைக்கு வழியனுப்பச் சந்தே திரண்டு வந்தது. டவுக்கே வந்தார். ஆறுமுகம் தன் அகத்தியனைக் கைபிடித்து அழைத்துக்கொண்டு வந்தான். கூட்டத்துக்குள் வரவே கூசும் ரஹ்மத்தும் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள்.

கப்பல் வெளியே நின்றது. லாஞ்சு என்ற சின்னப் படகில் ஏறிப் போக வேண்டும். மாமா ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். வேண்டுமென்றே அப்படி உட்கார்ந்தார் என்றுதான் நினைக்கிறேன். லாஞ்சு கரையை விட்டு விலகியது.

எங்கள் பையன் எங்கேயும் ஓடவில்லை. என் விரலைப் பிடித்துக்கொண்டு, அவளுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். ஆனாலும் ரஹ்மத் முக்காட்டைத் தள்ளிவிட்டு படகுத்துறையின் விளிம்புக்குப் போனாள். கூலிகளும் கிராணிகளும் துரைமாரும் திரும்பிப் பார்க்க, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள்.

"சுஹைலு. ஏ சுஹைலு. எங்க இருக்கே? பொழுது போச்சு, வீட்டுக்கு வா."

ஆடுகிற லாஞ்சில் அத்தர் மாமா எழுந்து நின்றார். மடியில் இருந்த பெட்டி விழுந்தது. மங்கிய கண்ணால் கரையைத் தேடிக்கொண்டு, ஒரு சின்னப் பிள்ளையின் குரலில் பதில் கொடுத்தார்.

"இந்தா வந்துட்டேன் உம்மா."

லாஞ்சுக்காரன் அவரைப் பிடித்து உட்காரவைத்தான். லாஞ்சு போய்க்கொண்டே இருந்தது. பையன் தாயின் சேலையை இழுத்து, "நான் இங்கதானேம்மா நிக்கிறேன்" என்றான்.

"தெரியும்டா" என்றாள் ரஹ்மத். கண்ணைத் துடைத்துக்கொண்டு, லாஞ்சு கண்ணுக்குத் தெரிகிற வரை அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நானும் கூப்பிட்டேன்.