மாஸ்டரின் காதும் மனைவியின் தாடையும்

இன்றைக்கு எப்படியும் பேச்சை எடுத்துவிடுவது என்று மாஸ்டர் முடிவு செய்துவிட்டார். பல் விளக்கும்போதே செய்த முடிவு. வாய் நிறைய நுரையோடு கண்ணாடியைப் பார்த்து, "விடக்கூடாது" என்றார். நுரை கண்ணாடியில் தெறித்தது. அதைத் துடைத்துவிட்டுத்தான் வெளியே வந்தார். துடைக்காமல் வந்தால் அது வேறு பேச்சாகிவிடும்.

மாஸ்டர் என்றால் பள்ளிக்கூட மாஸ்டர் இல்லை. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அவர் "பிரேக்!" என்று ஒரு சத்தம் போட்டால் பழகுகிறவர் மட்டுமில்லை, எதிரே வருகிற லாரியும் நிற்கும். அந்தக் குரலுக்குத்தான் போன வாரம் ஆபத்து வந்தது.

மாடி வீட்டுப் பொண்ணு அவரிடம் கார் பழகுகிறாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரோட்டைப் பாரும்மா. என்னை என்ன பாக்குற?"

"அந்தப் பக்கத்துக் கண்ணாடியைப் பாக்குறேன் மாஸ்டர். ஒண்ணும் தெரியல."

"ஏன் தெரியல?"

"நடுவுல புதர் இருக்கு மாஸ்டர். உங்க காதுல."

பின்சீட்டில் தங்கள் முறைக்காக உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். அன்றைக்குப் பிடித்த சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. மாஸ்டர் "பிரேக்!" என்றால் காதைப் பார்க்கிறார்கள். பார்த்தால் சிரிப்பு வருகிறது. சிரிக்கிற காலுக்கு பிரேக் எங்கே அகப்படும்? நேற்று ஒரு தள்ளுவண்டி மயிரிழையில் தப்பியது. மாஸ்டருக்கு அந்த வார்த்தையும் பிடிக்கவில்லை.

காது முடியை வெட்டிப் பார்த்தார். முன்னைவிட முறுக்காக வளர்ந்தது போலிருந்தது. அப்போதுதான் அந்த கிளினிக் பலகை கண்ணில் பட்டது. லேசரில் முடி நீக்கப்படும், ஜோடியாக வந்தால் சலுகை. ஆனால் எப்படிப் போவது? காது முடியைக் கொஞ்சம் கவனிங்க என்று மனைவி கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறாள். "ஆம்பளைக்கு அதுதான் லட்சணம்" என்று இவரும் அன்றிலிருந்து சொல்கிறார். இப்போது லட்சணத்தை எடுக்கப் போகிறேன் என்றால் அவள் என்ன சொல்வாள்? சொல்லவே மாட்டாள். சும்மா ஒரு பார்வை பார்ப்பாள். அதற்கு லாரியே மேல்.

அதனால் ஒரு திட்டம் போட்டார். மனைவி எப்போதோ ஒருநாள் கண்ணாடி முன் நின்று தாடையில் முடி பிடுங்கியது ஞாபகம் வந்தது. அவளுக்காகப் போவதாகப் போவது. வந்ததே வந்தோம் என்று தன் காதையும் நீட்டிவிடுவது.

அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்தா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கமாட்டியே?"

"அது நீங்க சொல்றதைப் பொறுத்து."

"உன் தாடையில..."

கத்தி நின்றது.

"என் தாடையில?"

"பெருசா ஒண்ணுமில்ல. ரெண்டு மூணு முடி. வெளியாளுக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும். தினமும் பாக்குறேன்ல."

"தினமும் பாக்குறீங்களா?"

"கட்டின பொண்டாட்டி முகத்தைப் பாக்காம வேற யார் முகத்தைப் பாப்பேன்?"

"இன்னைக்கும் பாத்தீங்களா?"

"இதோ, இப்பவும் தெரியுதே!"

அவள் அவரையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மறுபடி நறுக்கத் தொடங்கினாள். முன்னைவிட வேகமாக. மாஸ்டர் ரிவர்ஸ் கியரில் கதவு வரை வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு இல்லை. தட்டு வந்தது, தண்ணீர் வந்தது, சத்தம் வரவில்லை. குழந்தையிடம் மட்டும் பேசினாள். "உங்கப்பாவுக்குக் கண்ணு ரொம்பக் கூர்மைடி" என்று குழந்தைக்குச் சொன்னாள்.

ஒரு சாயங்காலம் அவளே வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"விசாரிச்சேன். ரெண்டு வழி இருக்காம். ஒண்ணு லேசர். இன்னொண்ணு எலக்ட்ராலிசிஸ். கரண்ட் ஊசி. எதுங்க நல்லது?"

ஊசி என்றதும் மாஸ்டருக்கு உள்ளங்கால் கூசியது. குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட அன்று குழந்தை அழுதது, மாஸ்டர் மயங்கி விழுந்தார்.

"லேசர்தான். அது வெறும் வெளிச்சம். போட்டோ பிடிக்கிற மாதிரி பளிச்சுனு அடிப்பான், முடிஞ்சுது. மத்தது, ஒவ்வொரு முடி வேருலயும் ஊசியை விட்டு கரண்ட் குடுப்பானாம். நாம மனுசங்களா, ட்யூப்லைட்டா?"

"ஆனா எந்த முடியா இருந்தாலும் ஊசிக்குத்தான் கேக்கும்னு சொல்றாங்களே?"

"யாரு சொன்னா? நான் சொல்றேன், லேசர்!"

"சரிங்க. ஆனா எனக்கு ஒரே பயமா இருக்கு. நீங்க முதல்ல பண்ணிக்காட்டுங்களேன். பாத்துட்டு நான் பண்ணிக்கிறேன்."

மாஸ்டரின் மனசு ஆக்ஸிலரேட்டரை அழுத்தியது. முகம் பிரேக் போட்டது.

"நானா? எனக்கு எங்க முடி இருக்கு?"

"தேடிப் பாப்போம். காதுல ஒண்ணு ரெண்டு கெடைக்கும்."

"ம்... உனக்காக வேணும்னா..."

"நடுவுல எந்திரிச்சு ஓடிட மாட்டீங்களே? பேச்சு மாறக்கூடாது."

"உனக்காக உயிரையே குடுப்பேன். காது என்ன பெரிய காது!"

கிளினிக்கில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மனைவி நாற்காலியில் உட்கார்ந்தாள். மாஸ்டர் கட்டிலில் ஏறிப் படுத்தார். வெள்ளைக் கோட்டு போட்ட அம்மா விளக்கைத் திருப்பி, பூதக்கண்ணாடியைக் காதருகே கொண்டுவந்தாள். பார்த்தாள். விளக்கை இன்னும் கிட்டே இழுத்தாள்.

"ஐயாவுக்கு லேசர் ஆகாது."

"ஏன் ஆகாது?"

"லேசர் கறுப்பு முடியைத்தான் பிடிக்கும். இது அத்தனையும் வெள்ளை. ஊசிதான்."

மாஸ்டர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அப்ப எனக்கு வேணாம்மா. நான் சும்மா துணைக்கு வந்தவன். இவளுக்குப் பண்ணுங்க. இவ தாடைக்குத்தான் வந்தோம்."

வெள்ளைக் கோட்டு அம்மா மனைவியின் தாடையைப் பார்த்தாள். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டும் பார்த்தாள்.

"எதைப் பண்றது? இவங்களுக்குத்தான் போன வருசமே நான் ஊசியில எடுத்து முடிச்சுட்டேனே. ஒண்ணுகூட திரும்ப வரலையே!"



"இப்பவும் தெரியுதுன்னாருங்க" என்றாள் மனைவி, ரொம்ப மெதுவாக. "தினமும் பாக்குறாராம்."

பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பினாள்.

"எத்தனை தடவை இங்க வந்துட்டுப் போனேன். ஒவ்வொரு தடவையும் உங்ககிட்ட சொன்னேன். டிவி பாத்துக்கிட்டே 'ம்'னீங்க." அவள் கட்டிலைக் காட்டினாள். "படுங்க. உயிரையே குடுப்பேன்னீங்க. அவங்க காதைத்தான் கேக்குறாங்க."

மாஸ்டர் படுத்தார். இனி எந்த முகத்தோடு எழுந்து ஓடுவது?

மனைவி எழுந்துபோய் வெள்ளைக் கோட்டு அம்மாவிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டு வந்தாள். மாஸ்டர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். ஒரு காதைத் துடைத்தார்கள். பஞ்சு சில்லென்றது. அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒன்றும் நடக்காததுதான் பெரிய பயமாக இருந்தது. அரைக்கண்ணால் கீழே பார்த்தார். அந்த அம்மாவின் காலடியில் ஒரு பெடல் இருந்தது. ஊசியில் கரண்ட் வருவதற்கு அதை அழுத்த வேண்டும் போலிருக்கிறது. கால் மெல்ல அதன்மேல் ஏறியது.

சுருக்!

"பிரேக்!" என்று அலறினார் மாஸ்டர். அவருடைய காலும் பழக்கதோஷத்தில் டிரைவிங் ஸ்கூல் காரில் தன் பக்கமும் இருக்கிற பிரேக்கைத் தேடி அந்தரத்தில் உதைத்தது.

"அசையாதீங்க ஐயா."

சுருக்! "பிரேக்! பிரேக்கும்மா!" சுருக்! அந்தக் குரலுக்கு அந்தக் கால் மட்டும் நிற்கவே இல்லை. குழந்தைக்கு அப்பா ஏதோ விளையாட்டுக் காட்டுகிறார் என்று ஒரே சந்தோஷம். ஒவ்வொரு உதைக்கும் கை தட்டியது.

ஒருவழியாக விளக்கு அணைந்தது. "இன்னைக்கு இந்தக் காது போதும். திரும்பத் துளிர்க்கும், அதுக்கு வரணும். அந்தக் காது இனிமேதான்."

மாஸ்டர் தள்ளாடிக்கொண்டு கண்ணாடி முன் போய் நின்றார். காது சிவந்திருந்தது. ஆனால் பச்சைக்குழந்தை காது மாதிரி வழுவழுவென்று இருந்தது. நாளைக்கு யார் சிரிக்கிறார்கள் பார்ப்போம் என்று நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அது காரில் ஜன்னல் பக்கம் இருக்கிற காது. பழகுகிறவர்கள் பக்கத்துக் காதில் புதர் ஒரு இலை உதிராமல் அப்படியே இருந்தது.

"என்னம்மா இது! அந்தக் காதைல்ல முதல்ல பண்ணியிருக்கணும்!"

"உங்க வீட்டம்மாதான் இதைப் பண்ணச் சொன்னாங்க."

மாஸ்டர் மனைவி பக்கம் திரும்பினார். அவள் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"மாடி வீட்டுப் பொண்ணு எல்லாம் சொன்னா. அவ பாக்குற காதை இன்னைக்கே முடிச்சுட்டா, அடுத்த தடவை நீங்க இந்தப் பக்கம் வருவீங்களா?"