ஐந்தாம் பக்கத்து அப்பா

இராமநாதபுரம் மாவட்டத்தில் நோயே இல்லாமல் அதிகமாக வைத்தியம் பார்த்துக்கொண்டவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால் முதல் பரிசு, இரண்டாம் பரிசு, ஆறுதல் பரிசு மூன்றையும் கேம்ப் அண்ணன்தான் தூக்கிக்கொண்டு போவார். பரிசு கொடுக்கிற இடத்தில் யாராவது பிரஷர் கருவி வைத்திருந்தால், அங்கேயும் சட்டைக் கையைச் சுருட்டி நீட்டிவிட்டுத்தான் மேடை ஏறுவார்.

உச்சிப்புளியில் டிவிஎஸ் ஃபிஃப்டியின் இரண்டு பக்கமும் தண்ணீர் கேன் கட்டிக் கடை கடையாகப் போடுவது அவர் தொழில். திருவாடானையிலிருந்து ராமேஸ்வரம் வரை எங்கே 'இலவச மருத்துவ முகாம்' என்று பேனர் கட்டினாலும், அன்றைக்குக் கடைக்காரர்கள் தாகத்தோடு கிடக்க வேண்டியதுதான். கண் முகாமில் கண்ணைக் காட்டுவார், பல் முகாமில் பல்லைக் காட்டுவார். திருவாடானையில் பெண்களுக்கு மட்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த முகாமுக்கும் போய் வரிசையில் நின்றிருக்கிறார். "இங்கன ஆம்பளைக்கு ஒண்ணும் பாக்க மாட்டாகளா? சும்மா பிரஷராவது?" என்று கேட்க, நாலு பெண்கள் சேர்ந்து மரியாதையாக வெளியே கொண்டுவந்து விட்டார்கள்.

கால்நடை முகாமையும் விடவில்லை. மாட்டு டாக்டர் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்லுவார் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஆடு மாடுகளோடு நின்று, முறை வந்ததும் வாயைத் திறந்து காட்டினார். அந்த டாக்டர் நல்ல மனுஷர் போலிருக்கிறது, திட்டவில்லை. "எட்டுப் பல்லும் முளைச்சிருச்சுன்னா அதுக்கு மேல எங்களுக்கும் சொல்லத் தெரியாதுண்ணே" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஊரே இதைச் சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த மனுஷனுக்குத் தன் வயது நிஜமாகவே தெரியாது என்று அப்போது எனக்குத் தெரியாது.

நான் உச்சிப்புளிக்குப் போனது ஓர் ஆராய்ச்சி வேலைக்கு. முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களின் உடம்பு எதனால் கெடுகிறது, பழக்கத்தாலா, பரம்பரையாலா என்று கண்டுபிடிக்க ஒரு டாக்டரம்மா தலைமையில் கூட்டமாக வந்து இறங்கியிருந்தோம். இடுப்பை அளப்பது, ரத்தம் எடுப்பது, கையடக்கக் கம்ப்யூட்டரில் ஆறு பக்கக் கேள்வி கேட்பது என் பாடு. அந்த ஊரில் எனக்கு ஒரு வாடகை அறை, ஒரு மின்விசிறி, பேச ஆள் கிடையாது. ஏழு மணிக்கு அறைக்குப் போனால் மறுநாள் காலை வரை என் குரலை நானே கேட்க மாட்டேன். அதனாலேயே எல்லார் மேலும் எரிந்து விழுவேன். முன்கோபி என்று எனக்கும் அங்கே ஒரு பெயர் இருந்தது.

நாங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் தேடிப் போக வேண்டும். கேம்ப் அண்ணன் மட்டும் எங்களைத் தேடி வந்தார், வெறும் வயிற்றோடு. "ரத்தம் எடுக்குறதுன்னா சாப்பிடக் கூடாதுன்னு எனக்கே தெரியும், தங்கச்சி" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். முதல் நாலு பக்கம் மளமளவென்று போனது. புகை கிடையாது, குடி கிடையாது, கல்யாணம் கிடையாது. டீ மட்டும் ஒரு நாளைக்கு ஏழு, ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி சீனி. இரவில் பரோட்டா. ஐந்தாம் பக்கம் குடும்பத்தாரின் வியாதி பற்றியது. ஒவ்வொரு கேள்விக்கும் உண்டு, இல்லை, தெரியாது என்று மூன்று பதில் இருக்கும். ஒன்றைத் தொட்டால்தான் மேலே நகரும்.

"அப்பாவுக்குச் சுகர் உண்டாண்ணே?"

"உண்டுன்னு போடு."

"பிரஷர்?"

"அதையும் போடு."

"எத்தனை வயசுல தவறினாக?"

கொஞ்சம் யோசித்தார். "அறுபது... இல்ல, எழுபத்தஞ்சுன்னு போடேன். கொஞ்சம் இருந்துட்டுப் போகட்டும்."

எனக்குச் சந்தேகம் தட்டியது. அவர் கொண்டுவந்திருந்த மஞ்சள் பையை வாங்கி, பழைய முகாம் சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். இருதய முகாமில் அவர் அப்பா மாரடைப்பில் இறந்திருந்தார். சிறுநீரக முகாமில் கிட்னி போய் இறந்திருந்தார். கண் முகாமில் உயிரோடுதான் இருந்தார், பாவம், புரை மட்டும். பல் முகாமில் மறுபடியும் இறந்திருந்தார். பல்லால் எப்படி ஒருத்தர் சாவார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"என்னண்ணே விளையாட்டு இது? இது ஆராய்ச்சி. வாய்க்கு வந்ததையெல்லாம் போட முடியாது. தெரியலைன்னா தெரியாதுன்னு சொல்லுங்க."

"அதை மட்டும் போடாத, தங்கச்சி," என்றார். "ரேஷன் கார்டு, ஓட்டு லிஸ்ட்டுன்னு எங்க போனாலும் எனக்கு அதைத்தான் போடுறாக."

அப்புறம்தான் சொன்னார். ஒரு தை அமாவாசைக் கூட்டத்தில் ராமேஸ்வரம் கடற்கரையில் தனியாக நின்று அழுத பிள்ளை அவர். மூன்று வயது இருக்கலாம். எந்த ஊர் யாத்திரைக்காரர்கள் தவறவிட்டார்களோ, விட்டுவிட்டுத்தான் போனார்களோ, யாரும் தேடி வரவில்லை. அந்தப் பிள்ளை பேசிய பாஷை அங்கே ஒருவருக்கும் புரியவில்லை. உச்சிப்புளியில் டீக்கடை வைத்திருந்த ஒருத்தர், அவரும் ஒண்டிக்கட்டை, தூக்கிக்கொண்டு வந்து வளர்த்தார். அவரும் போய்ச் சேர்ந்து வெகு நாளாகிறது.

"அமாவாசைக்கு அமாவாசை கடக்கரைக்குப் போவேன். எல்லாரும் அப்பனுக்கு எள்ளுத் தண்ணி விடுவாக. ஐயரு கேப்பாரு, அப்பா பேரு, தாத்தா பேரு, அவுக அப்பா பேரு. ஐயரு கேக்குறதும் நீ கேக்குறதும் ஒரே கேள்விதான், தங்கச்சி. ரெண்டு இடத்துலயும் நான் பெயில்."

பெயர் தெரியாவிட்டால் பொதுவாக ஒரு பெயரைச் சொல்லிச் செய்துவிடலாம் என்று ஐயர் சொல்லியும் பார்த்திருக்கிறார். இவர் ஒப்பவில்லை. "ஒருவேளை அவரு உசுரோட இருந்தாருன்னா? இருக்குற மனுஷனுக்கு எள்ளுத் தண்ணி விட்டா பாவம்ல?"

நான் எல்லாவற்றுக்கும் 'தெரியாது' என்று தொட்டேன். வேறு வழியில்லை. அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நாளில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அத்தனை முகாமிலும் பிடிபடாத மனுஷன் எங்களிடம் மாட்டிக்கொண்டார். சுகர். டாக்டரம்மா வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்: "ஆரம்பம்தான், மாத்திரை இப்ப வேண்டாம். வாயைக் கட்டி நடங்க. இது பெரும்பாலும் குடும்பத்துல வர்றதுதான். உங்க அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்திருக்கும்."

கேம்ப் அண்ணன் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன் எந்த நோயாளி முகத்திலும் பார்த்ததில்லை. "இருந்திருக்குமா? நிச்சயமாவா?" என்று மூன்று தரம் கேட்டார். அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் தட்டு நிறைய ஜிலேபியோடு நின்றார். எனக்குச் சுகர் வந்திருச்சு, எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க என்று போகிறவர் வருகிறவர் கையிலெல்லாம் திணித்தார். பிள்ளை பிறந்தவன்கூட அப்படிக் கொடுக்க மாட்டான். தனக்கென்று ஒன்றை எடுத்து வாயருகே கொண்டுபோனார். நான் பிடுங்கி என் வாயில் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் ராமேஸ்வரம் போகத் தொடங்கினார். சின்னதில் பேசிய பாஷை இந்தியாக இருக்கும் என்ற கணக்கில், வடக்கத்திக்காரர்களாகப் பார்த்து, "சுகர் ஹை?" என்று கேட்பார். அவருக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான். பலரும் விலகிப் போனார்கள். ஒரு வயசாளி மட்டும் பைக்குள் கைவிட்டுத் தன் மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினாராம். இவர் தன் ரிப்போர்ட்டைக் காட்டினாராம். இரண்டு பேரும் மண்டபத்து நிழலில் ஒரு மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார்களாம். "காது எனக்கு மாதிரியே இருந்துச்சு, தங்கச்சி" என்றார். காது எல்லாருக்கும் காது மாதிரிதான் இருக்கும் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஐயரிடமும் போயிருக்கிறார். "பேரு இன்னும் தெரியலை சாமி. ஆனா சுகர் இருந்துச்சு" என்றாராம். ஐயர் என்ன சொன்னார் என்று கேட்டேன். தர்ப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அவ்வளவாவது தெரிஞ்சுதே" என்றாராம்.

இந்தச் சந்தோஷத்துக்கு வேட்டு வைத்தவர் டீ மாஸ்டர். "ஒரு நாளைக்கு ஏழு டீ, இருபத்தொரு கரண்டி சீனி. இதுக்கு அப்பன் வேற வேணுமாக்கும்? நீயா சேத்ததுய்யா இது. என் கடையிலதான் சேத்த" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டார். கேம்ப் அண்ணன் கேனை அப்படியே நடுரோட்டில் இறக்கி வைத்துவிட்டு எங்களிடம் ஓடி வந்தார்.

"டாக்டரம்மா, இது அவரு குடுத்ததா, நான் சேத்ததா?"

"ரெண்டும் கலந்துதான் வரும்ணே. பிரிச்சுச் சொல்ல முடியாது."

"நான் பிரிக்கிறேன். என் பங்கை நான் நிப்பாட்டிடுறேன். மூணு மாசம் கழிச்சு எது நிக்குதோ அது அவரு பங்கு. சரியா?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். நோயாளி ஒருத்தர் நடக்கிறேன் என்கிறார், சீனியை விடுகிறேன் என்கிறார். வேண்டாம் என்று எந்த டாக்டர் சொல்வார்? "நல்ல யோசனைண்ணே" என்று அனுப்பி வைத்தார்.

அந்த மூன்று மாதம் அவர் பண்ணிய கூத்தைச் சொல்லி முடியாது. பரோட்டா போய் கேப்பைக் கூழ் வந்தது. ஏழு டீயும் சீனி இல்லாத கடுந்தேநீரானது. விடியுமுன்னே எழுந்து பாம்பன் சாலையில் கைவீசி நடந்தார். திரும்பி வந்து தண்ணீர் கேன் போடும்போது டிவிஎஸ்ஸை ஓட்டாமல் தள்ளிக்கொண்டு போனார். "வண்டி ரிப்பேராண்ணே?" என்று கேட்டவர்களிடம், "இல்ல, நான் ரிப்பேரு" என்றார். வயிறு உள்ளே போனது, கன்னம் ஒட்டியது, மனுஷன் பத்து வயது குறைந்தார். இவ்வளவு பாடும், சுகர் குறையவே கூடாது என்ற ஒரே வேண்டுதலோடு.

மறுபடி ரத்தம் எடுத்தேன். மூன்று மாதச் சுகர், வெறும் வயிற்றுச் சுகர், எல்லாம் இறங்கி சாதாரண மனுஷனுடைய அளவில் நின்றது. டாக்டரம்மா எழுந்து நின்று கைகொடுத்தார். நர்ஸ்கள் கை தட்டினார்கள். எங்கள் ஆராய்ச்சியிலேயே அப்படி ஒருத்தர் இறக்கிக் காட்டியதில்லை.

"மீதி எவ்வளவு நிக்குது?" என்றார் கேம்ப் அண்ணன்.

"மீதி ஒண்ணும் இல்லைண்ணே. சுத்தமா இறங்கிருச்சு."

"ஒண்ணுமேவா?"

டாக்டரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பரம்பரை ஒளிந்துகொண்டு கிடக்கும், பழக்கம்தான் அதைக் கிளப்பிவிடும், அதனால் இல்லை என்று அர்த்தமில்லை என்று என்னென்னவோ விளக்கினார். எல்லாம் நிஜம்தான். அவர் காதில் ஏறவில்லை. ரிப்போர்ட்டை நாலாக மடித்து மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

சாயங்காலம் டீக்கடையில் பார்த்தேன். முன்னால் ஒரு கண்ணாடி டம்ளர் டீ, அடியில் சீனி கரையாமல் கிடந்தது. குடிக்கவில்லை, பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நானும் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"மூணு மாசமும் ஒருத்தரோட இருந்த மாதிரியே இருந்துச்சு, தங்கச்சி. காலையில நடக்கயில கூடவே வாராருன்னு இருந்துச்சு. இப்ப ஒண்டியாப் போச்சு."

அந்த டம்ளரை எடுத்து மடமடவென்று நானே குடித்துவிட்டேன். தித்திப்பு தாங்கவில்லை. காசை அவர்தான் கொடுத்தார்.

ஆராய்ச்சி முடிந்து நான் சென்னைக்கு வந்துவிட்டேன். இங்கேயும் ஓர் அறை, ஒரு மின்விசிறி. போன மாதம் தலைசுற்றல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு சின்னப் பெண் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு நான் கேட்ட அதே கேள்வியை என்னிடமே கேட்டாள். "உங்க குடும்பத்துல யாருக்காவது சுகர் உண்டா மேடம்?"

எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. ஆராய்ச்சியில் வேலை பார்த்த நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனாலும் சொன்னேன். "எங்க அண்ணனுக்கு இருந்துச்சும்மா. நடந்தே இறக்கிட்டாரு."

வெளியே வந்ததும் அவருக்குப் போன் போட்டேன். லாரிச் சத்தத்துக்கு நடுவே, வண்டியை நிறுத்திவிட்டுப் பேசினார். நடந்ததைச் சொன்னேன்.

"என் பேரையா சொன்ன?"

"எங்க அண்ணனுக்குன்னு சொன்னேன்."

"என்னன்னு போட்டாக, தங்கச்சி?"

"உண்டுன்னு போட்டாகண்ணே."

லாரிகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அதட்டலாகச் சொன்னார். "அப்ப நீயும் டீயில சீனியை நிப்பாட்டு. நம்ம குடும்பத்துல அது இருக்குல்ல."

நிறுத்திவிட்டேன்.